குழிக்குள் இருந்தவரின் மூச்சு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தப் படம் ஓடவில்லை. புதுக்கடை ஊர்ப் பக்கம் ஒரு தியேட்டரில் ஐந்து நாள் இருந்தது. பூமியைப் பிளந்துகொண்டு எங்கள் ஜந்து எழுந்து நின்றபோது பின்வரிசையிலிருந்து ஒருவர், "ஏலே, இது நம்ம ஊரு ரப்பர் ஷீட்டுல்லா" என்றார். மொத்தத் தியேட்டரும் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சொன்னது உண்மைதான். குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ரப்பர் பால் வாங்கி, அச்சில் ஊற்றி, காயவைத்து, அந்த ஜந்துவின் தோலைச் செய்தவள் நான்.

அதன் பிறகு நான் செய்த ஜந்துகளில் சில நன்றாகவே பயமுறுத்தின. ஆனால் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டியது அவற்றைப் பற்றி அல்ல. தோற்றுப்போன இந்த முதல் படத்தைப் பற்றித்தான்.

சினிமாவுக்கு வருவதற்கு முன்னால் இனயம் என்ற கடற்கரை ஊருக்குப் பக்கத்தில் என் அண்ணனின் ஃபைபர் படகுப் பட்டறையில் வேலை பார்த்தேன். அண்ணன் படகு செய்வான். நான் கோயில்களுக்குச் சொரூபம் செய்வேன். அந்தோணியார், செபஸ்தியார், மாதா. முகம் நன்றாக வரும் என்று கரையோரம் முழுக்கப் பெயர் இருந்தது. சொரூபத்துக்கு முன்பக்கம்தான் முக்கியம். பின்பக்கம் சுவரைப் பார்த்து நிற்கும். உள்ளே வெறும் காற்று. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் செய்த தவறு இந்தப் பழக்கத்திலிருந்து வந்தது.

பிரவீன் கொட்டாரம் என்ற ஊர்க்காரன். அப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். பொறியியல் படித்துவிட்டு, வளைகுடாவில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, ஒரு படம் எடுத்தே தீர்வேன் என்று திரும்பி வந்திருந்தான். பட்டறைக்கு வந்து, காய்ந்துகொண்டிருந்த செபஸ்தியாரை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, உங்களால பூமிக்கு அடியில இருந்து வர்ற ஒரு மிருகம் செய்ய முடியுமா?" என்று கேட்டான்.

அவன் மடிக்கணினியில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் நிறைய இருந்தன. எல்லாம் வெளிநாட்டில் எப்போதோ கையில் காசில்லாதவர்கள் எடுத்தவை. சுரங்கத்துக்குள் வாழும் கண்ணில்லாத மனிதர்கள், பாலைவனத்துக்கு அடியில் ஊரும் புழுக்கள், வெடிகுண்டுச் சோதனையில் விழித்துக்கொண்ட ஏதோ ஒன்று. ஒரு வாரம் பட்டறையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து அவற்றைப் பார்த்தோம். முதல் அரைமணி நேரம் ஜந்து வராது. ஒரு வேலி சாயும். ஒரு நாய் தரையைப் பார்த்துக் குரைக்கும். கண்ணாடி போட்ட விஞ்ஞானி ஒருவர் நீளமாக விளக்கம் சொல்வார். கடைசியில் ஜந்து வரும்போது முழங்கையில் துணி மடிவது தெரியும். ஒரே பாறையை மூன்று இடத்தில் வைத்து மூன்று குகை என்று காட்டியிருப்பார்கள்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. காலுக்குக் கீழே இருக்கும் மண்ணை நாம் நம்பித்தான் நடக்கிறோம். அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் அசைத்துவிட்டால் போதும், மிச்சப் பயத்தைப் பார்ப்பவர்களே உண்டாக்கிக்கொள்வார்கள். அந்தப் படங்களை எடுத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. பிரவீனுக்கும் தெரிந்திருந்தது. அவன் கதை நம் ஊர்க் கதை. குவாரிக்காரர்கள் மலையை வெடிவைத்து உடைக்கிறார்கள். மலைக்கு அடியில் தூங்கிக்கிடந்த ஒன்று எழுந்து ரப்பர் தோட்டத்துக்கு அடியில் நகர ஆரம்பிக்கிறது. கம்ப்யூட்டரில் மிருகம் செய்ய அவனுக்கு வசதி இல்லை. அதனால் உடுப்பு, உடுப்புக்குள் ஒரு ஆள்.

அந்த ஆள் ராபின். இனயத்துக்காரர், கடலில் முங்கிப் பாறையிலிருந்து சிப்பி எடுப்பவர். மூச்சடக்கத் தெரிந்தவர் வேண்டும் என்று பிரவீன் கேட்டதால் நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். அதிகம் பேசமாட்டார். அளவெடுக்க வந்த அன்று ஜந்துவின் களிமண் உருவத்தைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "கொள்ளாம் எக்கா. இதுக்கு வெசப்பு உண்டுமா, இல்ல சும்மா கொல்லுமா?" என்று கேட்டார். யாரும் அந்தக் கேள்வியை யோசித்திருக்கவில்லை. பசியோடு இருக்கிற மிருகம் என்று முடிவு செய்து வாயைத் திருத்தினேன்.

மூன்று மாதம் அந்த உடுப்பைச் செய்தேன். முதுகில் ஜிப் வைத்திருந்தேன். ஒத்திகையைக் கேமராவில் பார்த்த பிரவீன், ஜிப் தெரிகிறது என்றான். "அக்கா, ஜிப் தெரிஞ்சா படம் முடிஞ்சுது. எல்லாரும் அதைத்தான் பாப்பாங்க." எனக்கும் அது உறுத்தியது. அதனால் படப்பிடிப்பு நாளில் ராபின் உள்ளே போனதும் ஜிப்பின் மேல் செதில்களை ஒட்டி, ரப்பர் பால் பூசி, சந்தே தெரியாமல் மூடினேன். வேலை முடிந்ததும் பொறுமையாகப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். தூரத்தில் நின்று பார்த்தபோது பெருமையாக இருந்தது. ஒரு தையல்கூட இல்லை. சொரூபம் மாதிரி இருந்தது.

ஜந்து முதன்முதலில் பூமியிலிருந்து எழும் காட்சி. ஒரு ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில், செம்மண் தரையில் நெஞ்சளவு குழி வெட்டினோம். ராபின் உள்ளே குந்தி உட்கார்ந்துகொள்வார். மேலே இரண்டு பலகைகள். அவற்றின் மேல் மண்ணும் சருகும். பிரவீன் குரல் கொடுத்ததும் அவர் பலகைகளைத் தள்ளிக்கொண்டு எழ வேண்டும். ஜந்துவின் வாய்க்குள்ளிருந்து ஒரு குழாய் மண்ணுக்கு அடியில் ஓடி, ஒரு பாறைக்குப் பின்னால் வெளியே வரும். அதன் வழியாக மூச்சு. குழாயோடு ஒரு கயிறும் வரும். அதன் முனை என் மணிக்கட்டில் கட்டியிருந்தது. இரண்டு முறை இழுத்தால் உடனே திறக்க வேண்டும் என்று பேச்சு.

ஒத்திகையில் குழாய் குட்டையாக இருந்தது. ராபின் பத்து நிமிடம் உள்ளே இருந்தார், ஒரு தொந்தரவும் இல்லை. படப்பிடிப்பன்று குழாய் முனை கேமராவில் தெரிகிறது என்றார்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயில் ஒரு நீளத்தை வெட்டி, நானே அதோடு இணைத்தேன். நீளமான ஒடுங்கிய குழாயில் நாம் விட்ட மூச்சு முழுதாக வெளியே போய்ச் சேராமல் நமக்கே திரும்பி வரும் என்று அன்று எனக்குத் தெரியாது. தெரிந்த யாரிடமும் கேட்கவும் இல்லை. ஜிப்பை மூடியதும் குழாயை நீட்டியதும் தனித்தனியாகப் பார்த்தால் சின்ன மாற்றங்கள். இரண்டையும் சேர்த்து ஒரு முறைகூட ஒத்திகை பார்க்கவில்லை. நம் வேலையில் ஆபத்து பெரும்பாலும் கடைசி நேரத்தின் சின்ன மாற்றத்தில்தான் இருக்கும் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

பிற்பகல் நான்கு மணி வாக்கில் ராபினைக் குழிக்குள் இறக்கி மூடினோம். மண் தூவினோம். சருகு பரப்பினோம். எல்லோரும் தயாரானபோது மேகம் வந்து வெயிலை மறைத்தது.

"ரெண்டு நிமிஷம். வெயில் வந்திரும்" என்றான் பிரவீன்.

நான் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து குழாய் முனைக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டிவைத்திருந்தேன். ராபினின் மூச்சு கையில் பட்டது. முதலில் நீளமாக, நடுவில் நல்ல இடைவெளி விட்டு வந்தது. சிப்பிக்கு முங்குகிறவரின் மூச்சு. இரண்டு நிமிடம் ஐந்தானது. மேகம் நகரவில்லை. மூச்சின் இடைவெளி குறைந்தது. ஐந்து பத்தானது. இப்போது மூச்சு சின்னச் சின்னதாக, ஓடிவந்த நாயின் மூச்சு மாதிரி கையில் தட்டியது.

"பிரவீன், மூச்சு சரியில்ல" என்றேன்.

அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "கயிறு இழுத்தாரா?"

"இல்ல."

"பின்ன என்னக்கா. ஏதாவதுன்னா இழுப்பார்லா. கடல்ல முங்குற ஆளு."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். 

மேகத்தின் ஓரம் வெளுத்தது. தோட்டத்துக்குள் வெயில் சரிந்து விழுந்தது. அவ்வளவு அழகான வெளிச்சம். கேமரா ஓட ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரத்தில் என் கையில் மூச்சு ஒன்று பட்டது, அடுத்தது வரத் தாமதமானது.

இன்னும் ஒரு நிமிடம் பொறுத்தால் பிரவீன் குரல் கொடுப்பான், ராபின் எழுவார், காட்சி கிடைத்துவிடும். உடுப்பும் பிழைக்கும். நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். தவறாக இருந்தால் மூன்று மாத உழைப்பும் அன்றைய வெளிச்சமும் போகும். சரியாக இருந்து நான் சும்மா இருந்தால் ராபின் போவார். இப்படி வரிசையாக யோசித்தேன் என்று சொன்னால் பொய். கால் தானாக எழுந்தது. கேமராவுக்கு முன்னால் நடந்து, பரப்பிவைத்த சருகை மிதித்து, மண்டியிட்டுப் பலகையைத் தூக்கினேன்.

பிரவீன் கத்தியது காதில் விழுந்தது. அடுத்த நொடி அவனே என் பக்கத்தில் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தான்.

ராபின் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். ஜந்துவின் தலை மட்டும் நிமிர்ந்து, வாயைத் திறந்தபடி எங்களைப் பார்த்தது. முதுகைத் தடவினேன். ஜிப் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு நன்றாக மூடியிருந்தேன். ஃபைபர் வெட்டும் கத்தி இடுப்பில் இருந்தது. தாடைக்குக் கீழே கைவிட்டு ரப்பரை இழுத்துப் பிடித்து, கழுத்திலிருந்து வயிறு வரை கிழித்தேன்.

உதடு நீலமாக இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. வெளியே இழுத்துப்போட்டு ஒருக்களித்துக் கிடத்தியதும் ஒரு மூச்சு இழுத்தார். பிறகு வாந்தி எடுத்தார். பிரவீன் அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "ராபின் அண்ணா, ராபின் அண்ணா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சாமான் ஏற்றிவந்த வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

ராபினின் மனைவி லில்லி புதுக்கடைச் சந்தையில் மீன் விற்பவள். செய்தி போனதும் சந்தையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். முழங்கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. அவள் கத்துவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன். வண்டியில் கிடந்த உடுப்பைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"எக்கா, உள்ள கெடக்க ஆளு இத எப்படித் தொறக்கது?"



மறுநாள் காலை ராபின் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். தலைவலி தவிர வேறொன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, நேற்றிலிருந்து என்னைக் குடைந்த கேள்வியைக் கேட்டேன். "ஏன் கயிற இழுக்கல?"

அவர் கஞ்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இழுக்கணும்னு தோணிச்சு எக்கா. கையில பிடிச்சிட்டுதான் கெடந்தேன். வெயில் வரட்டும், வெயில் வரட்டும்னு மேல சொல்லது கேட்டுது. இத்தன பேரும் எனக்காச்சுட்டி காத்து நிக்காவ. இப்பம் வரும், இப்பம் வரும்னு இருந்தேன். பின்ன, நான் இழுத்தா நீங்க அத வெட்டணும்லா. மூணு மாசம் இருந்து செஞ்ச சாதனம்."

எனக்குக் கோபம் வந்தது. பயத்தில் வந்த கோபம். "இது என்ன கிறுக்கு. நானா இருந்தா முதல் நிமிசமே இழுத்திருப்பேன்" என்றேன்.

லில்லி தட்டை வாங்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்படியா? அப்பம் ஒரு காரியம் செய்யுங்க. இவரு திரும்பவும் வருவாரு, எனக்குத் தெரியும். நான் போவாண்டாம்னு சொன்னா கேக்க மாட்டாரு. அதுக்கு முன்னாடி நீங்க உள்ள கெடந்து காட்டுங்க. குழல் நான் பிடிக்கேன்."

ஒப்புக்கொண்டேன்.

பிரவீன் ஒரு வாரம் பட்டறைப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு நாள் பட்டறைக்கு வந்து கிழிந்த உடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்தான். குழாயைக் குட்டையாக்க வேண்டும், அகலமாக்க வேண்டும், அப்போது முனை கேமராவில் தெரியும் என்று சொன்னேன். "கேமராவ ரெண்டடி இடப்பக்கம் தள்ளிட்டா தெரியாதுக்கா" என்றான். அவ்வளவுதான். அன்றைக்கே யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கே தள்ளியிருப்பான். கேமரா வைத்த இடம் மாறாது என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டு, மாறக்கூடாத எல்லாவற்றையும் மாற்றியிருந்தோம்.

உடுப்பைச் சேர்த்து ஒட்டினேன். முன்பக்கம், உள்ளிருப்பவரின் கைக்கு எட்டும் இடத்தில், உள்ளேயிருந்து இழுத்தால் முழுதாகத் திறக்கிற மாதிரி ஜிப் வைத்தேன். அது தெரிந்தால் தெரியட்டும் என்றான் பிரவீன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்விட்டு வந்து, நான் அந்தக் குழிக்குள் இறங்கினேன். நான் செய்த ஒன்றுக்குள் நான் நுழைந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. ரப்பர் பாலில் கலக்கும் அம்மோனியா நெடி மூக்கில் ஏறியது. பலகையை மூடினார்கள். மண் விழும் சத்தம் தலைக்கு மேல் தொப் தொப்பென்று கேட்டது. கண்ணுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆனால் காது மட்டும் அதிசயமாக வேலை செய்தது. பிரவீனும் கேமராக்காரரும் வெளிச்சத்தைப் பற்றிப் பேசினார்கள். யாரோ டீ கேட்டார்கள். யாரோ எதற்கோ சிரித்தார்கள். என்னைப் பற்றியும் பேசினார்கள். என்னிடம் யாரும் பேசவில்லை.

குழாய் நன்றாக இருந்தது. காற்று தாராளமாக வந்தது. ஜிப் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. இதெல்லாம் தெரிந்தும் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடைத்தது. முதுகில் வேர்வை ஊர்ந்தது. மண்ணுக்கு அடியில் என் கால் பக்கத்தில் எதுவோ நகர்வது மாதிரி இருந்தது. இத்தனை நாள் நான் மற்றவர்களுக்காகச் செய்துவைத்த பயம் அப்படியே எனக்குள் வந்து உட்கார்ந்தது. கயிற்றைப் பிடித்தேன். இழுக்கப் போனேன்.

இழுக்கவில்லை. மேலே ராபின் நிற்கிறார். அவர் பத்து நிமிடத்துக்கு மேல் இருந்த இடம். முதல் நிமிடமே இழுப்பேன் என்று நான் சொன்னதை லில்லி கேட்டிருக்கிறாள். இழுத்தால் எல்லோரும் ஓடிவருவார்கள். ஒன்றும் ஆகவில்லையே என்று பார்ப்பார்கள். இன்னும் கொஞ்சம் இருந்துவிடலாம், இன்னும் கொஞ்சம், என்று கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி அப்படியே இருந்தேன்.

திடீரென்று பலகை விலகியது. வெளிச்சம் கண்ணில் குத்தியது. லில்லி குழியின் ஓரத்தில் மண்டியிட்டிருந்தாள்.

"நான் இழுக்கலியே" என்றேன்.

"இல்ல, இழுக்கல. மூச்சு மாறிச்சு. அதான் தொறந்தேன்."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"நாலு நிமிசம் இருக்கும்."

என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, மெதுவாக, ராபினுக்குக் கேட்காதபடி கேட்டாள். "இப்பம் மனசிலாச்சா எக்கா?"

அன்று பிற்பகலே ராபின் உள்ளே போனார். குழாயை லில்லி பிடித்தாள். ஒரே தடவையில் காட்சி கிடைத்தது. அதன்பின் அவர்கள் இருவரும் என்னோடு ஏழெட்டுப் படங்களில் வேலை பார்த்தார்கள். அவர் உள்ளே, அவள் வெளியே. அவள் போதும் என்று சொன்னால் எந்த இயக்குநராக இருந்தாலும் அங்கேயே நிறுத்த வேண்டும் என்பது என் நிபந்தனை. சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு வேலை கைவிட்டும் போனது. ராபின் இப்போதும் கடலுக்குப் போகிறார்.

போன வாரம் உங்கள் பட்டறைக்கு வந்து நீங்கள் செய்திருக்கும் மிருகத்தைப் பார்த்தேன். பூமிக்கு அடியிலிருந்து வருவது என்றீர்கள். தோல் அற்புதமாக இருக்கிறது. எங்கள் காலத்தில் இந்த மாதிரிப் பொருள் கிடைக்கவில்லை. இதைப் பார்த்து யாரும் ரப்பர் ஷீட் என்று சொல்ல மாட்டார்கள். இதற்குள் போகிறவர் யார் என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "அவர் ஷூட்டிங் அன்னைக்கு வருவார்" என்றீர்கள்.

அவர் வந்த பிறகு, எதுவும் கஷ்டமாக இருந்தால் சொல்லுங்கள் என்று அவரிடம் சொல்வீர்கள். அவரும் தலையாட்டுவார். சொல்ல மாட்டார். அவர் நல்லவராக இருந்தால் நிச்சயமாகச் சொல்ல மாட்டார். அதனால் அவர் வருவதற்கு முன்னால், வருகிற சனிக்கிழமை, நீங்கள் ஆறு பேரும் ஒவ்வொருவராக அதற்குள் போய் வாருங்கள். காலையிலேயே வந்துவிடுகிறேன். குழாய் முனையில் நான் உட்கார்ந்திருப்பேன்.